புரொப்பெல்லர் போர் விமானங்களின் கடைசி வான்சண்டை: 1969 ஜூலை 17, ஹோண்டுராஸ்

வான்நோக்கி எழுதியது:

புரொப்பெல்லர் போர் விமானங்கள் என்றாலே நம் பேச்சு 1939இல் தொடங்கி 1945இல் முடிந்துவிடுகிறது. ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட், ஸீரோ என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நேராக ஜெட் யுகத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தத் தலைமுறை விமானங்கள் வானில் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்திய கடைசி நாள், உலகப் போர் முடிந்து 24 ஆண்டுகள் கழித்து வந்தது. 1969 ஜூலை 17. அப்பல்லோ 11 அப்போது நிலவுக்குப் போகும் வழியில் இருந்தது.

இடம் மத்திய அமெரிக்கா. ஜூலை 14 அன்று எல் சல்வடார் தன் அண்டை நாடான ஹோண்டுராஸ் மீது படையெடுத்தது. அன்று மாலையே ஹோண்டுராஸ் தலைநகர் டெகுசிகல்பாவின் டொன்கொன்டின் விமான நிலையத்தின் மீது குண்டுவீச்சு நடந்தது. வீசியது குண்டுவீச்சு விமானம்கூட இல்லை. சி-47 சரக்கு விமானத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆட்கள் கையால் குண்டுகளை வெளியே தள்ளினார்கள். மறுநாள் ஹோண்டுராஸ் விமானப்படை பதிலடி கொடுத்தது. சான் சல்வடாருக்கு அருகிலுள்ள இலோபாங்கோ விமானத்தளமும், அகாஹுட்லா துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளும் தாக்கப்பட்டன.

இரண்டு நாடுகளிடமும் அன்று ஒரு ஜெட் போர் விமானம்கூட இல்லை. ஹோண்டுராஸிடம் எஃப்4யூ கோர்சேர். எல் சல்வடாரிடம் எஃப்ஜி-1டி கோர்சேரும் மஸ்டாங்கும். எல்லாமே உலகப் போர்த் தலைமுறை விமானங்கள், அமெரிக்காவிலிருந்து பழையதாக வாங்கியவை.

17ஆம் தேதி காலையில் மூன்று ஹோண்டுராஸ் கோர்சேர்கள் தெற்கு எல்லைப் பக்கம் தாக்குதலுக்குக் கிளம்பின. விமானிகள் ஃபெர்னாண்டோ சோட்டோ ஹென்ரிக்கேஸ், எட்கார்டோ அகோஸ்டா, ஃபிரான்சிஸ்கோ செபேடா. செபேடாவின் பீரங்கிகள் மக்கர் செய்தன. சுட முடியாத நிலையில் தனியாக இருந்த அவரை இரண்டு சல்வடார் மஸ்டாங்குகள் பிடித்துக்கொண்டன. அவரால் செய்ய முடிந்தது வளைந்து நெளிந்து தப்புவதும் ரேடியோவில் தோழர்களைக் கூப்பிடுவதும்தான். சோட்டோவும் அகோஸ்டாவும் திரும்பி வந்தார்கள். சோட்டோ ஒரு மஸ்டாங்கின் பின்னால் போய் அதைச் சுட்டு வீழ்த்தினார். அதை ஓட்டிய கேப்டன் டக்ளஸ் வரேலா உயிரிழந்தார். இன்னொரு மஸ்டாங் விலகிப் போய்விட்டது.

அன்று பிற்பகல் சோட்டோவும் அகோஸ்டாவும் மறுபடி பறந்தபோது எதிரே இரண்டு சல்வடார் எஃப்ஜி-1டி கோர்சேர்கள். ஹோண்டுராஸ் விமானிகள் சுமந்துவந்த குண்டுகளை உதறிவிட்டு உயரம் ஏறி, மேலிருந்து பாய்ந்தார்கள். சோட்டோ ஒன்றைத் தீப்பிடிக்க வைத்தார். அதன் விமானி சல்வடார் செசெஞா பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். ஆனால் சோட்டோ திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டாவது கோர்சேர் அவர் வாலைப் பிடித்திருந்தது. அதில் இருந்தவர் கேப்டன் கில்லெர்மோ ரெய்னால்டோ கோர்டெஸ். தேர்ந்த விமானி. இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் சோட்டோ விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, அப்படியே மூக்கைத் தரையை நோக்கி இழுத்து அரைவட்டமாகக் கீழே வளைத்து வெளிவந்தார். ‘ஸ்பிளிட்-எஸ்’ என்பார்கள். அதற்கு உயரம் கையிருப்பில் இருக்க வேண்டும், தவறினால் தரைதான். வெளிவந்தபோது கோர்டெஸ் அவர் குறிக்கு முன்னால் இருந்தார். விமானம் வானிலேயே வெடித்தது.

ஒரே நாளில் ஒரே விமானி மூன்று விமானங்கள். புரொப்பெல்லர் போர் விமானம் இன்னொரு புரொப்பெல்லர் போர் விமானத்தை வீழ்த்தியது அதுவே கடைசி. இந்த நிகழ்வுக்குத் தமிழில் உருப்படியான ஒரு பதிவு வேண்டும் என்பதுதான் இந்த இழையின் நோக்கம். தெரிந்தவர்கள் சேர்க்கலாம், மறுக்கலாம்.

கடற்காகம் எழுதியது:

நல்ல பதிவு ஐயா. ஆனால் 1945க்குப் பிறகு புரொப்பெல்லர் விமானங்கள் வானில் சண்டையிட்டது இங்கே மட்டும்தானா? வியட்நாமை விட்டுவிட்டீர்களே. 1965 ஜூன் 20 அன்று அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான மிட்வேயின் ஸ்கைரைடர் புரொப்பெல்லர் விமானங்கள் வட வியட்நாமின் மிக்-17 ஜெட் ஒன்றை வீழ்த்தின. கிளின்டன் ஜான்சன், சார்லஸ் ஹார்ட்மன் இருவருக்கும் அந்த வெற்றி பாதிப் பாதி. 1966 அக்டோபர் 9 அன்று இன்ட்ரெபிட் கப்பலின் வில்லியம் பேட்டன் இன்னொரு மிக்-17ஐ வீழ்த்தினார். ஜெட்டையே வீழ்த்திய புரொப்பெல்லர் விமானம்! என்னைக் கேட்டால் அதுதான் பெரிய செய்தி.

கொரியாவிலும் உண்டு. 1952 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனின் ஓஷன் கப்பலிலிருந்து கிளம்பிய ஸீ ஃபியூரி என்ற புரொப்பெல்லர் போர் விமானங்கள் ஒரு மிக்-15 ஜெட்டை வீழ்த்தின. ஹோகி கார்மைக்கேல் பெயரில் பதிவானது. சுட்டவர் அதே அணியின் பிரையன் எல்லிஸ் என்று பிற்பாடு ஒரு வாதமும் எழுந்தது. அதற்கு அடுத்த மாதம், செப்டம்பர் 10 அன்று, ஜெஸ்ஸி ஃபோல்மர் கோர்சேரில் ஒரு மிக்-15ஐ வீழ்த்தினார். சில நொடிகளில் இன்னொரு மிக் அவரை வீழ்த்திவிட்டது. பாராசூட்டில் குதித்துக் கடலில் விழுந்து மீட்கப்பட்டார்.

வான்நோக்கி எழுதியது:

நீங்கள் சொன்ன எல்லாமே உண்மை, கடற்காகம். அதனால்தான் ‘புரொப்பெல்லர் போர் விமானம் இன்னொரு புரொப்பெல்லர் போர் விமானத்தை’ என்று வரம்பு கட்டினேன். ஸ்கைரைடர் தரைத் தாக்குதலுக்குப் பிறந்த விமானம். அதை ஓட்டியவர்கள் மிக்கைத் தேடிப் போகவில்லை. விழுந்த விமானிகளை மீட்கும் பணிக்குக் காவலாகப் போனபோது மிக் அவர்களைத் தேடி வந்தது. தாழ்வாக, மெதுவாக, மிகச் சிறிய வட்டத்தில் திரும்பிக்கொண்டிருந்த விமானத்தை வேகமான மிக்கால் குறியில் நிறுத்த முடியாமல் அது முன்னால் தாண்டிப் போனது. நான்கு 20 மி.மீ பீரங்கிகளுக்கு அந்தச் சந்தர்ப்பம் போதும்.

கியூபாவையும் யாராவது சொல்வார்கள். 1961 ஏப்ரலில் பன்றிகள் விரிகுடாவில் கியூபாவின் ஸீ ஃபியூரிகள், அமெரிக்க ஆதரவோடு படையெடுத்து வந்தவர்களின் கப்பல்களையும் பி-26 குண்டுவீச்சு விமானங்களையும் தாக்கின. அங்கே எதிரி குண்டுவீச்சு விமானம், போர் விமானம் அல்ல. இந்தோனேசியாவிலும் அப்படித்தான். 1958 மே 18 அன்று ஆம்போன் தீவருகே இக்னேஷியஸ் தேவாண்டோ என்ற இந்தோனேசிய விமானி தன் மஸ்டாங்கால் கிளர்ச்சியாளர்கள் பக்கம் பறந்த ஒரு பி-26ஐத் தாக்கினார். அதிலிருந்து குதித்த ஆலன் போப் என்ற அமெரிக்கர் சிஐஏவுக்காகப் பறந்தவர் என்பது அம்பலமாகி வாஷிங்டனுக்குப் பெரும் தலைக்குனிவானது.

இறகு எழுதியது:

கோர்சேருக்கு எதிராகக் கோர்சேர், அதாவது ஒரே வகை விமானம் இருபுறமும் நின்றது இதுதான் முதல் முறை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். 1949 ஜனவரி 7 அன்று சினாய் எல்லையில் இஸ்ரேலின் ஸ்பிட்ஃபயர்கள் பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர்களை வீழ்த்தின. பிறகு அவற்றைத் தேடி வந்த டெம்பெஸ்ட் என்ற பிரிட்டிஷ் புரொப்பெல்லர் போர் விமானம் ஒன்றையும் வீழ்த்தின. எந்த விமானம் யாருடையது என்று அன்று வானில் பெரும் குழப்பம். ஹோண்டுராஸ், எல் சல்வடார் இரண்டின் கொடியும் நீலம், வெள்ளை, நீலம்தானே? அங்கேயும் அதே சிக்கல் இருந்திருக்காதா?

நெடுவயல் எழுதியது:

விமானத்தை விட்டு ஒரு கேள்வி கேட்கலாமா? இதைத்தானே ‘கால்பந்துப் போர்’ என்கிறார்கள்? ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக இரண்டு நாடுகள் போரிட்டன என்று பள்ளியில் ஒரு வாத்தியார் வேடிக்கையாகச் சொல்லிக் கேட்டது. அது எவ்வளவு தூரம் உண்மை?

வான்நோக்கி எழுதியது:

நெடுவயல், நல்லவேளை கேட்டீர்கள். இந்தப் போரை வேடிக்கையாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆட்டங்கள் நடந்தது உண்மை. 1970 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. ஜூன் 8 அன்று டெகுசிகல்பாவில் ஹோண்டுராஸ் 1-0. ஜூன் 15 அன்று சான் சல்வடாரில் எல் சல்வடார் 3-0. இரண்டு ஊரிலும் வந்த அணியைத் தூங்கவிடாமல் விடுதியைச் சுற்றி இரவெல்லாம் கூச்சல், அடிதடி. மூன்றாவது ஆட்டம் பொது இடமான மெக்சிகோ நகரில். கூடுதல் நேரத்தில் எல் சல்வடார் 3-2 என்று வென்றது. அதே நேரத்தில் எல் சல்வடார் தூதரக உறவை முறித்துக்கொண்டது.

ஆனால் பகை மூண்டது நிலத்தால். எல் சல்வடார் சின்னஞ்சிறு நாடு, 21,000 சதுர கிலோமீட்டர். ஹோண்டுராஸ் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் மக்கள் அதிகம் இருந்தது சிறிய நாட்டில். அங்கே நல்ல நிலமெல்லாம் காப்பித் தோட்டக்காரர்களான ஒரு சில குடும்பங்களின் பிடியில். பிழைக்க வழியில்லாத குடியானவர்கள் பல ஆண்டுகளாக எல்லை தாண்டிப் போய் ஹோண்டுராஸில் காடு திருத்திப் பயிர் செய்தார்கள். 1969இல் அப்படிப் போனவர்கள் ஏறத்தாழ 3,00,000 பேர் என்று கணக்கு. ஹோண்டுராஸிலும் நிலமில்லாதவர்களின் குமுறல் வளர்ந்தது. பெருநிலக்கிழார்களின் சொத்தைத் தொடாமல் குமுறலைத் தணிக்க, அரசுக்கு எளிதாகக் கிடைத்த வழி, நிலச் சீர்திருத்தச் சட்டத்தைக் காட்டி சல்வடார்காரர்களை வெளியேற்றுவது. குடும்பம் குடும்பமாக விரட்டப்பட்டார்கள். பலர் அடித்து விரட்டப்பட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் சொன்ன கதைகள் சல்வடார் பத்திரிகைகளில் தினமும் வந்தன. ஆட்டம் நடந்தது இந்தச் சூட்டில்.

நூறு மணி நேரப் போர் என்றும் இதற்குப் பெயர் உண்டு. அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டுப் போர்நிறுத்தம் கொண்டுவந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் பொதுமக்கள். சமாதான ஒப்பந்தம் 1980 அக்டோபர் 30 அன்றுதான் லிமாவில் கையெழுத்தானது. எல்லை வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1992இல். இதையெல்லாம் ஒரு பந்துக்குள் அடைப்பது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இறகின் கேள்விக்கு: அந்த விமானங்களில் ஏவுகணை எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து, நெருங்கி, குறிபார்த்துச் சுட வேண்டியதுதான். மஸ்டாங்கா கோர்சேரா என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும், கோர்சேரின் வளைந்த இறக்கை அங்கே வேறெதற்கும் இல்லை. ஆனால் இரு தரப்பிலும் கோர்சேர் இருக்கும்போது அந்த இறக்கையைப் பார்த்து நண்பனா எதிரியா என்று தீர்மானிக்க முடியாது. நீங்கள் கேட்ட சிக்கல் நிச்சயம் இருந்தது.

பழைய மெக்கானிக் எழுதியது:

இந்த வளைந்த இறக்கையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். விமானப்படையில் டக்கோட்டாவின் (மேலே சொன்ன சி-47தான்) ரேடியல் எஞ்சினில், அதாவது சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய எஞ்சினில், வேலை பார்த்தவன் நான்.

கோர்சேரின் எஞ்சின் பிராட் அண்ட் விட்னி ஆர்-2800. 2800 என்பது கன அங்குலக் கொள்ளளவு, அதாவது 46 லிட்டர். முன்னால் ஒன்பது, பின்னால் ஒன்பது, மொத்தம் 18 சிலிண்டர்கள், காற்றால் குளிர்பவை. 2,000 குதிரைத்திறனை வாங்கிக்கொள்ள நான்கு மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் தேவைப்பட்டது. அவ்வளவு பெரிய புரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்கச் சக்கரக் கால்கள் நீளமாக வேண்டும். ஆனால் நீளமான கால் விமானந்தாங்கிக் கப்பலில் தொப்பென்று இறங்கும்போது முறிந்துவிடும். அதனால் இறக்கையையே கீழே வளைத்து, வளைவின் அடிப்பகுதியில் குட்டையான, உறுதியான கால்களைப் பொருத்தினார்கள். அழகுக்காக வளைத்ததல்ல அது.

டக்கோட்டாவில் இருந்தது ஆர்-1830, 14 சிலிண்டர். இரவு முழுக்க நின்ற எஞ்சினைக் காலையில் உடனே ஸ்டார்ட் செய்துவிட முடியாது. கீழே தொங்கும் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் வடிந்து நிறைந்திருக்கும். அப்படியே சுழற்றினால் பிஸ்டன் எண்ணெயை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் புரொப்பெல்லரைக் கையால் பிடித்து, ஒவ்வொரு இதழாக இழுத்து நடப்போம். ஓர் இதழை ஒருவர் விட, அடுத்ததை அடுத்தவர் பிடிக்க வேண்டும். சட்டென்று கனத்து நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று பொருள். பலம் போட்டுத் தள்ளக் கூடாது, பின்னோக்கியும் சுழற்றக் கூடாது. கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிட வேண்டும். குளிர்காலத்தில் விடியற்காலை இந்த வேலை செய்த கைகளுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் முதலில் ஒரு வெள்ளைப் புகை, பிறகு ஒவ்வொரு சிலிண்டராகச் சேர்ந்துகொள்ளும் சத்தம்.

போரில் இருக்கும் ஒரு சின்ன நாட்டின் மெக்கானிக்குகள், அமெரிக்காவின் ஆயுதத் தடையால் உதிரி பாகம் வராத நிலையில், 18 சிலிண்டர் எஞ்சினை நாளுக்குப் பலமுறை பறக்க வைத்தார்கள். விமானி பெயர் சரித்திரத்தில் நிற்கிறது, சந்தோஷம். அவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன்.

நெடுவயல் எழுதியது:

ஐயா, அருமை. இவ்வளவு திறனுள்ள எஞ்சின் இருந்தும் புரொப்பெல்லர் ஏன் ஜெட்டிடம் தோற்றது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பழைய மெக்கானிக் எழுதியது:

தம்பி, புரொப்பெல்லரின் நுனி இரண்டு வேகத்தில் போகிறது. ஒன்று சுழலும் வேகம், இன்னொன்று விமானம் முன்னே போகும் வேகம். இரண்டும் சேர்ந்து ஒலியின் வேகத்தை நெருங்கியதும் நுனியில் அதிர்வலை உண்டாகிறது. அதற்குப் பிறகு எஞ்சின் கொடுக்கும் திறனெல்லாம் இழுவையிலும் சத்தத்திலும் வீணாகும். இன்னொன்று, பிஸ்டன் எஞ்சினின் திறன் மாறாது என்பதால் வேகம் கூடக்கூட உந்துவிசை குறையும். ஜெட்டில் அப்படிக் குறைவதில்லை. கோர்சேரின் கடைசி வகைகள் மணிக்கு 750 கி.மீ அளவில் நின்றுவிட்டன. மிக்-15 சர்வசாதாரணமாக 1,000ஐத் தாண்டியது. இதை எந்த எஞ்சினாலும் ஈடுகட்ட முடியாது.

ஆனால் ஆரம்பகால ஜெட்டுகள் எரிபொருளைக் குடித்துத் தள்ளின, நீளமான ஓடுபாதை கேட்டன, வானில் நின்று காத்திருக்க அவற்றால் முடியாது. தரையில் இருக்கும் படைக்குத் துணை நிற்க, மணிக்கணக்கில் வட்டமிடும் புரொப்பெல்லர் விமானமே தோதானது. அதனால்தான் வான்சண்டையில் தோற்ற பிறகும் அது போரை விட்டுப் போகவில்லை.

கடற்காகம் எழுதியது:

நம் பக்கத்தையும் சேர்ப்போம். 1947-48 காஷ்மீர் போரில் இந்திய விமானப்படையின் தாக்குதல் பலம் பெரும்பாலும் டெம்பெஸ்ட்டும் ஸ்பிட்ஃபயரும்தான். 1947 நவம்பர் 7 அன்று ஸ்ரீநகருக்கு வெளியே ஷலாடெங்கில் தரைப்படையோடு சேர்ந்து அவை தாக்கியதுதான் நகரைக் காப்பாற்றியது. மலாயாவில் 1951 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் 60ஆம் அணியின் ஸ்பிட்ஃபயர்கள் ஜொகூர் காட்டில் தாக்கியது, பிரிட்டிஷ் விமானப்படைக்காக ஸ்பிட்ஃபயர் செய்த கடைசித் தாக்குதல்.

1956இல் இஸ்ரேலிய மஸ்டாங்குகள் சினாயில் செய்ததும் சொல்லத்தக்கது. தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் பறந்து, எகிப்தியப் படையின் தொலைபேசிக் கம்பிகளைப் புரொப்பெல்லராலும் இறக்கையாலும் அறுத்தார்கள். அதற்கென்று கட்டியிருந்த கொக்கிகள் வேலை செய்யாததால் எடுத்த முடிவு அது. என்ன துணிச்சல்!

பனைநிழல் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள் நான். இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். விமானிகளின் துணிச்சல், எஞ்சினின் அழகு எல்லாம் படிக்கும்போது எனக்குள் வேறொன்று ஓடியது. அதை எழுதாமல் போக மனமில்லை.

புரொப்பெல்லர் விமானங்கள் 1960களோடு போரிலிருந்து போய்விட்டன என்று எண்ண வேண்டாம். இலங்கை விமானப்படை 1985 முதல் இத்தாலியின் எஸ்எஃப்-260 விமானங்களைப் பயன்படுத்தியது. பயிற்சி விமானமாகப் பிறந்தது. ராக்கெட்டும் குண்டும் பூட்டி எங்கள் மேல் அனுப்பினார்கள். ‘சியாமாசெட்டி’ என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். 1993இல் அர்ஜென்டினாவிலிருந்து புக்காரா என்ற தாக்குதல் விமானம் வந்தது. ஜெட் வரும்போது சத்தம் கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இவை அப்படியல்ல. தூரத்தில் இரைச்சல் கேட்டதும் அம்மம்மா அடுப்பை அணைப்பார், நாங்கள் பள்ளிக்கூடப் பையோடு பதுங்குகுழிக்குள் இறங்குவோம். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட குழி. உள்ளே இருந்துகொண்டு, சுற்றுகிறதா பதிகிறதா (குண்டு போடக் கீழே பாய்கிறதா) என்று சத்தத்தை வைத்தே பெரியவர்கள் சொல்வார்கள். சுற்றிக்கொண்டிருந்தால் இன்னும் இடம் பார்க்கிறது. இரைச்சல் ஏறி இறங்கினால் பதிந்துவிட்டது, காதைப் பொத்து, வாயைத் திற. மேலே மெக்கானிக் ஐயா சொன்ன, மணிக்கணக்கில் வட்டமிடும் திறன் கீழே இருப்பவர்களுக்கு இப்படித்தான் இருக்கும்.

1995 ஜூலை 9 அன்று நவாலியில் இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த புனித பேதுருவானவர் தேவாலயத்தில் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மாதம் 14ஆம் தேதி ஒரு புக்காரா சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் விமானத்தைப் பற்றி எழுதும்போது கீழே இருந்தவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

வான்நோக்கி எழுதியது:

பனைநிழல் அக்கா, நீங்கள் எழுதியது இந்த இழைக்குக் கிடைத்த பெரிய பேறு. இன்னும் எழுத மனம் வந்தால் எழுதுங்கள், எவ்வளவு நீளமானாலும்.

ஹோண்டுராஸிலும் கீழே மக்கள்தான் இருந்தார்கள். ஜூலை 15 அன்று சல்வடார் படை பிடித்த நுவேவா ஒகோடெபேக்கே ஒரு சாதாரண எல்லை ஊர். அங்கிருந்து ஓடியவர்களும், ஹோண்டுராஸிலிருந்து விரட்டப்பட்ட சல்வடார் குடியானவர்களும் ஒரே மொழி பேசி, ஒரே மக்காச்சோளத்தைப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் தலைக்கு மேல்தான் இந்த வான்போர் நடந்தது.

இறகு எழுதியது:

பனைநிழல், உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நன்றி.

புக்காரா பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். 1982 ஃபாக்லாந்து போரில், மே 28 அன்று, ஒரு புக்காரா பிரிட்டனின் ஸ்கவுட் ஹெலிகாப்டரை வீழ்த்தியது. அந்தப் போரில் அர்ஜென்டினா வானில் பெற்ற ஒரே வெற்றி அது. அதற்கு ஒரு வாரம் முன்பு பிரிட்டனின் ஸீ ஹாரியர் ஜெட் ஒன்று இன்னொரு புக்காராவை வீழ்த்தியிருந்தது. புக்காராவில் இருப்பது டர்போபுரொப். சுழல்வது புரொப்பெல்லர்தான் என்றாலும் அதைச் சுழற்றுவது டர்பைன். வான்நோக்கியின் கணக்கில் இது வராது.

இன்னொன்று, அண்மைக்காலச் செய்தி. உக்ரைனில் 2024இல் யாக்-52 என்ற பிஸ்டன் எஞ்சின் பயிற்சி விமானத்தில் பின்னிருக்கையில் ஒருவர் துப்பாக்கியோடு உட்கார்ந்து, ஒடேசா பக்கம் ரஷ்ய உளவு ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். ட்ரோனும் பிஸ்டன் எஞ்சினில் புரொப்பெல்லரோடு பறப்பது. ஒருவகையில் பார்த்தால் புரொப்பெல்லருக்கு எதிராகப் புரொப்பெல்லர். 1969இன் பட்டத்தை இது பறிக்கிறதா?

கடற்காகம் எழுதியது:

பறிக்கவில்லை. யாக்-52 போர் விமானம் அல்ல, ட்ரோனில் ஆள் இல்லை. ஆனால் உங்கள் செய்தி முக்கியமானது. மலிவான ட்ரோனுக்கு விலை உயர்ந்த ஏவுகணையைச் செலவழிக்க எந்த நாட்டாலும் நெடுநாள் முடியாது. ட்ரோனோடு ஒட்டிப் பறக்கும் அளவுக்கு மெதுவான விமானம் வேண்டும் என்ற தேவை மறுபடி வந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து இந்த இழையைத் திருத்தி எழுத வேண்டி வந்தாலும் வியப்பில்லை.

வான்நோக்கிக்கு ஒரு கேள்வி. 17ஆம் தேதி சண்டையில் வென்றது விமானியா, விமானமா? ஹோண்டுராஸ் வைத்திருந்தது எஃப்4யூ-5, எல் சல்வடார் வைத்திருந்தது பழைய எஃப்ஜி-1டி. சமமான சண்டையாகத் தெரியவில்லை.

வான்நோக்கி எழுதியது:

சமம் இல்லைதான். எஃப்ஜி-1டி என்பது உலகப் போர்க் காலத்தில் குட்இயர் நிறுவனம் உரிமம் பெற்றுக் கட்டிய கோர்சேர். ஆம், டயர் செய்யும் அதே குட்இயர். அதில் ஆறு 0.50 அங்குல இயந்திரத் துப்பாக்கிகள். சோட்டோ ஓட்டிய எஃப்4யூ-5என் போருக்குப் பிந்தையது, இரவுச் சண்டைக்கென்று வந்த வகை. திறன் கூடிய எஞ்சின், நான்கு 20 மி.மீ பீரங்கிகள். 20 மி.மீ குண்டு வெடிக்கும். சரியான இடத்தில் சில குண்டுகள் பட்டாலே போதும். கொரியாவில் கை போர்டெலான் 1953இல் இரவில் ஐந்து விமானங்களை வீழ்த்தியதும் இதே எஃப்4யூ-5என் வகையில்தான்.

ஆனாலும் பிற்பகல் சண்டையைப் பாருங்கள். வாலில் எதிரி, அவரும் தேர்ந்தவர். அந்த நிலையில் விமானத்தின் கூடுதல் திறனைவிட, இப்போது கீழே போகலாமா, உயரம் போதுமா என்று ஒரு நொடியில் எடுக்கும் முடிவே உயிரைத் தீர்மானிக்கிறது. என் தீர்ப்பு, காலைச் சண்டையில் பாதி விமானம், பிற்பகலில் முழுக்க விமானி. கோர்டெஸையும் குறைத்துச் சொல்லக் கூடாது. தோழர் தீப்பிடித்து விழுந்த பிறகு விலகி ஓடாமல், தன் விமானத்தைவிட வலிமையான ஒன்றின் பின்னால் போனவர் அவர். தன் நாட்டில் அவருக்கும் வரேலாவுக்கும் உரிய மரியாதை உண்டு.

நெடுவயல் எழுதியது:

சோட்டோ ஓட்டிய விமானம் இன்னும் இருக்கிறதா? ஹோண்டுராஸில் சோட்டோ கானோ என்று ஒரு விமானத்தளம் இருப்பதாகப் பார்த்தேன். அது இவர் பெயரா?

வான்நோக்கி எழுதியது:

இல்லை, அவர் வேறு. பால்மெரோலாவில் இருக்கும் அந்தத் தளத்துக்குப் பெயர் கொடுத்தவர் கர்னல் என்ரிக்கே சோட்டோ கானோ. 1969 போரின்போது ஹோண்டுராஸ் விமானப்படைக்குத் தலைமை தாங்கியவர். நம் விமானி ஃபெர்னாண்டோ சோட்டோ ஹென்ரிக்கேஸ், 2006இல் காலமானார்.

விமானம் இருக்கிறது. எண் எஃப்ஏஎச்-609. டெகுசிகல்பாவில், டொன்கொன்டின் விமான நிலையத்தை ஒட்டிய வான்படை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 2021 இறுதியில் பன்னாட்டு விமானங்கள் பால்மெரோலாவுக்கு மாற்றப்பட்டன. அதனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கே இறங்கி, தலைநகருக்குச் சாலை வழியாக வர வேண்டியிருக்கும். யாராவது போனால், இறக்கையின் முன்விளிம்பில் பீரங்கிக் குழல்கள் இருக்கும் இடத்தையும் இறக்கை வளைவில் சக்கரக் கால் பொருந்தும் இடத்தையும் நெருங்கிப் படமெடுத்து இங்கே போடுங்கள். மெக்கானிக் ஐயா அதைப் பார்க்க வேண்டும்.